தாளில் இல்லாத டேங்கர்

எங்கள் அண்ணிக்கு ராணுவத்தில் வைத்த பெயர் டேங்கர். பதினெட்டு வருடம் தண்ணீர் லாரி ஓட்டியவரை வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்? குள்ளமான உடம்பு, அகலமான தோள். சும்மா இருந்தால் அசைய மாட்டார், கிளம்பிவிட்டால் நிற்க மாட்டார். 'தண்ணி வண்டி' என்றும் சிலர் கூப்பிட்டுப் பார்த்தார்கள். குடிகாரனுக்கு வைக்கிற பெயரைத் தனக்கு வைத்தால் சும்மா விடுவாரா? ஒருவனுக்குக் கன்னம் பழுத்தது. அதோடு அந்தப் பெயர் நின்றது.

நானும் அதே படையில்தான் இருந்தேன், குமாஸ்தாவாக. என் வாழ்நாளில் நான் சுட்டதெல்லாம் தட்டச்சு இயந்திரத்தில்தான். என் அண்ணன் தையல்காரர். படைமுகாம் வாசலில் கடை போட்டுச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். லாரி ஓட்டும் பெண் ஒருத்தி அளவு கொடுக்க வந்தபோது, "மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க, அளவு பொய்யாயிடும்" என்றாராம் இவர். "நான் எதுக்கு இழுத்துப் பிடிக்கணும்? உள்ளதை உள்ளபடி எடுங்க" என்றாராம் அவர். அண்ணன் அன்று மாலையே என்னிடம் வந்து, "டேய், அந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டார். விசாரித்துச் சொன்னது நான். அந்த நன்றிக்கு இன்றுவரை எனக்குச் சட்டை இலவசம்.

ராணுவத்தை விட்டு வந்தபின்னும் அண்ணிக்குத் தண்ணீர்தான் பிழைப்பு. நகரத் தண்ணீர் லாரி, ஒன்பதாயிரம் லிட்டர். லாரி தெருவில் திரும்பும்போதே குடங்களும் வாளிகளும் வரிசையாக வந்து நிற்கும். வரிசையில் யாராவது முண்டியடித்தால் அண்ணி குழாயை மூடிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு வார்த்தை திட்ட மாட்டார். வரிசை தானே சரியாகும். தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அவருக்கு அளவுகோல் வேண்டாம். விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். "இன்னும் ரெண்டு தெருவுக்கு வரும்" என்பார். வரும்.

ஒன்பது வருடம் அப்படி ஓட்டியதில் முதுகெலும்பு போய்விட்டது. டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அவரும் முன்னாள் ராணுவம்தான், எங்கள் சங்கத்து ஆள். "இந்த வட்டு ரெண்டும் தேஞ்சு போச்சு. இன்னும் ஒரு வருஷம் லாரி ஓட்டினா, அப்புறம் நீ நடக்கறதே சந்தேகம்" என்றார். அண்ணன் அன்றே கித்தான் துணியில், உள்ளே இரும்புப் பட்டை வைத்து, இடுப்புப் பட்டை ஒன்று தைத்தார். காலையில் அதைக் கட்டி இறுக்கிவிடுவது அவர் வேலை. கடைக்குப் பின்னால் உள்ள அறையில், இஸ்திரிப் பெட்டிக்கும் துணி மூட்டைகளுக்கும் நடுவில் நின்று, "இழுத்துப் பிடி" என்பார். "அன்னைக்கு வேணாம்னீங்க, இன்னைக்கு வேணுமா?" என்பார் அண்ணி. தினமும் இதே பேச்சு, தினமும் இரண்டு பேருக்கும் சிரிப்பு.

அந்தச் சமயத்தில்தான் ராணுவப் பயிற்சிப் பள்ளியிலிருந்து அறிவிப்பு வந்தது. புதிதாகச் சேரும் அதிகாரிகளுக்குச் சப்ளை பாடம் நடத்த ஆள் வேண்டும். படைக்குச் சோறு, தண்ணீர், டீசல் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று சொல்லித்தர வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. அண்ணிக்கென்றே யாரோ உட்கார்ந்து எழுதியது போல இருந்தது. ஒரே ஒரு முள். படிவத்தில் ஏழாவது கட்டம்: 'கலந்துகொண்ட போர்கள்.' அதை நிரப்பி, உண்மைதான் என்று முன்னாள் படைவீரர் சங்கத்தின் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும்.

சங்கத் தலைவர் கேப்டன். நல்ல மனிதர். இரண்டு பதக்கம் வாங்கியவர். யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் அவர் அகராதியில் போர் என்றால் சுடுவது. மூன்று முறை அண்ணி படிவத்தை நீட்டினார், மூன்று முறையும் அவர் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"கோச்சுக்காதம்மா. லாரி ஓட்டறது பெரிய வேலைதான், நான் இல்லேங்கல. ஆனா போர்ல கலந்துகிட்டதா நான் எப்படி எழுதறது? பொய்க் கையெழுத்து போட்டது கிடையாது நான்."

மூன்றாவது முறை திருப்பிக் கொடுத்தபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அண்ணிக்கு வரவில்லை. "அவரு கண்ணுக்குத் தெரியறதத்தான் அவரு சொல்றாரு, தம்பி" என்றார். படிவம் போய்ச் சேர வேண்டிய கடைசி நாள் திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள் சங்கத்தில் மேசைப் போர்.

மேசைப் போர் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சங்கம் ஓர் இரும்புக் கடையின் மாடியில் இருக்கிறது. நடுவில் ஒரு பழைய கதவை மரக்கால்களின் மேல் போட்டு, அதன்மேல் மணல் பரப்பி, மலை ஆறு மேடு பள்ளமெல்லாம் செய்து வைத்திருக்கிறோம். ஒரு சாண் என்றால் ஒரு கிலோமீட்டர். வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு போர் நடக்கும். மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு நாற்காலிகள். எதிரியைப் பார்த்துச் சுட்டவர்களுக்கு மட்டும்தான் அவை. சமையல்காரர், லாரிக்காரர், சலவைக்காரர், என் போன்ற குமாஸ்தா எல்லோருக்கும் சுவரோரம் பெஞ்சு. இப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் யாரும் மாறி உட்கார்ந்ததில்லை. "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு சும்மாவா சொன்னாங்க" என்று நாற்காலியிலிருந்து எங்களைப் பார்த்து ஒரு நக்கல் வரும். நாங்களும் சிரித்து வைப்போம்.

எழுதி வைத்த விதி ஒன்றே ஒன்றுதான். பத்து வருடம் முன்பு ஒருவர் தோற்கப் போகிற நேரத்தில் திடீரென்று, "இப்ப என் ஹெலிகாப்டர் வருது" என்று பையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்து வைத்தார். அடிதடி ஆகாத குறை. அன்று கேப்டனே எழுதிச் சுவரில் ஒட்டினார்: 'தாளில் இல்லாதது தரையில் இல்லை.' இரண்டு தரப்பும் தங்களிடம் உள்ளதையெல்லாம் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதைத் தட்டச்சு செய்து, உரக்கப் படித்து, காய்களை நகர்த்துவது குமாஸ்தாவின் வேலை. குமாஸ்தா வாய் திறந்து யோசனை சொல்லக் கூடாது.

இந்த வருடத்துப் போர், இரண்டு மாதமாகத் தேநீரோடு சேர்த்து எல்லோரும் மென்றுகொண்டிருந்த விஷயம்தான். இன்றைய படையில் ஒரு கம்பெனி, நூற்றிருபது பேர். எதிரே பழங்காலத்து மன்னன் ஒருவனின் சேனை, இருபதாயிரம் பேர். வில், வேல், வாள், குதிரை, யானை. மூன்று நாள் போர். யார் ஜெயிப்பார்கள்? இதில் என்ன சந்தேகம் என்றார் கேப்டன். "அவன் வில்லை வளைக்கறதுக்குள்ள நம்ம பையன் டீ குடிச்சுட்டு வந்து சுடுவான்." இன்றைய கம்பெனி அவருக்கு. பழங்காலத்துச் சேனையை எடுத்து நடத்த வேண்டியவர் ஒரு முன்னாள் பீரங்கிக்காரர். தோற்கத்தானே போகிறோம் என்ற கவலையோ என்னவோ, அன்று காலை கால் வீங்கிவிட்டது, வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நாற்காலிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யானையை வைத்துக்கொண்டு இயந்திரத் துப்பாக்கியிடம் தோற்க யாருக்கும் மனமில்லை. "நீ எடு", "நீயே எடு" என்று ஐந்து நிமிடம் தள்ளுமுள்ளு. சுவரோரம் பெஞ்சிலிருந்து அண்ணி எழுந்தார்.

"நான் எடுத்துக்கறேன் சார்."

அறையில் சிரிப்பு எழுந்தது. கேப்டனும் சிரித்தார், கெட்ட எண்ணமில்லாத சிரிப்பு. "வாம்மா, உக்காரு. தோக்கறதுக்கு என்ன அனுபவம் வேணும்?"

"ஜெயிச்சா என் படிவத்துல கையெழுத்து போடுவீங்களா சார்?"

சிரிப்பு நின்றது. எல்லோரும் கேப்டனைப் பார்த்தார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "இந்த மேசையில என்னை ஜெயிச்சுட்டா, உனக்குப் போர் தெரியும்னு நான் ஒத்துக்கறேன். போடறேன். தோத்தா?"

"தோத்தா இனிமே கேக்க மாட்டேன். லாரியே ஓட்டிக்கறேன்."

நடுவராக இருந்த டாக்டரம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அண்ணியைப் பார்த்தார். லாரி ஓட்டினால் என்னவாகும் என்று அந்த அறையில் எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு, இடுப்புப் பட்டையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, ஒரு தாள் குடு" என்றார்.

இங்கே என் சங்கடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கேப்டனின் தாள் முந்தின நாளே என்னிடம் வந்துவிட்டது. நான்தான் தட்டச்சு செய்தேன். நூற்றிருபது வீரர்கள், ஆளுக்கு முந்நூறு குண்டு. இயந்திரத் துப்பாக்கி ஆறு. மார்ட்டர் பீரங்கி மூன்று, இருநூறு குண்டுகளோடு. கவச வண்டி எட்டு. இருட்டில் பார்க்கும் கண்ணாடி எல்லோருக்கும். ஆளுக்கு மூன்று நாள் பொட்டல உணவு, இரண்டு பாட்டில் தண்ணீர். அவ்வளவுதான். இன்னொரு வரி இருக்க வேண்டுமே என்று தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமை. முப்பது வருடம் படையில் இருந்த மனிதர் தண்ணீர் டேங்கரை எழுத மறந்துவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் வாழ்நாளில் ஒருநாள்கூட டேங்கரைக் கேட்டு வாங்கியதில்லை. அது தானாக வந்து நின்றது. நாம் சுவாசிக்கிற காற்றைப் பட்டியலில் எழுதுவோமா?

சொல்லலாமா கூடாதா என்று இரவெல்லாம் புரண்டேன் என்று சொன்னால் பொய். நன்றாகத் தூங்கினேன். பெஞ்சில் உட்காருகிறவன் வாய் திறக்கக் கூடாது என்பது அவர்கள் வைத்த சட்டம்தானே. ஆனால் மறுநாள் எதிரே உட்காரப் போவது அண்ணி என்று அப்போது எனக்குத் தெரியாது. அவரிடமும் இதை நான் மூச்சுவிடவில்லை.

பத்து மணிக்கு இரண்டு தாளையும் உரக்கப் படித்தேன். முதலில் அண்ணியுடையது. இருபதாயிரத்தில் வில்லும் வேலும் பிடித்தவர்கள் பாதிப் பேர்தான். மீதிப் பாதி மண்வெட்டிக்காரர்கள், கூடை சுமப்பவர்கள், சமையல்காரர்கள், தோல்பையில் தண்ணீர் எடுப்பவர்கள், இரண்டாயிரம் பொதிமாடுகள், மாட்டுக்குப் புல் அறுக்க ஐந்நூறு பேர். நாற்காலிகளில் சிரிப்பு வெடித்தது. "என்னம்மா, படையெடுத்து வந்தியா, கல்யாணத்துக்கு வந்தியா?" என்றார் ஒருவர். "பழங்காலத்துப் படை இப்படித்தான் சார் போயிருக்கும். சோறு நடந்து வராதே" என்றார் அண்ணி.

பிறகு கேப்டனின் தாள். அண்ணி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கடைசி வரியைப் படித்து முடித்தேன். அவர் தலை சாய்ந்தபடியே இருந்தது. இன்னொரு வரிக்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் தாளை மேசைமேல் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். அதன்பின் அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

கேப்டன் தன் படையை மலைமேல் ஏற்றினார். காலாட்படைக்காரர் வேறென்ன செய்வார்? உயரத்தைப் பிடித்தவன் கை ஓங்கும் என்பது அவர்களுக்குப் பால்குடி வயதிலிருந்து சொன்ன பாடம். படையாக வைத்தது அண்ணன் கடையிலிருந்து கொண்டுவந்த காக்கிப் பட்டன்கள், பட்டனுக்குப் பத்துப் பேர். அண்ணியின் சேனை தீக்குச்சிகள், குச்சிக்கு நூறு பேர். மலையிலிருந்து ஆறு மூன்று சாண் தூரம். நடுவே வெட்டவெளி. ஒரு பகல் ஓர் ஆட்டம், ஓர் இரவு ஓர் ஆட்டம்.

முதல் பகல். கேப்டன் பீரங்கியைத் திருப்பினார். அண்ணி தன் சேனை முழுவதையும் ஆறு சாணுக்கு அப்பால், மேசையின் மறுகோடியில் இருந்த மேட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். "என்னம்மா, புறமுதுகா?" என்றார் கேப்டன். "வெயில் சார், நிழல்ல இருக்கட்டும்" என்றார் அண்ணி. அறையே சிரித்தது. பின்வாங்கும்போது பீரங்கியில் சிக்கிய நான்கு குச்சிகளை டாக்டரம்மா எடுத்துவிட்டார்.

முதல் இரவு. அண்ணி மண்வெட்டிக்காரர்களை மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே அனுப்பினார். வரிசையாகப் பள்ளம் வெட்டி, மேலே தட்டியும் புல்லும் போட்டு மூடச் சொன்னார். கேப்டனின் ஆட்களுக்கு இருட்டிலும் கண் தெரியும். இயந்திரத் துப்பாக்கிகள் பேசின. பத்தொன்பது குச்சிகள் விழுந்தன. மற்றவர்கள் விழுந்த குச்சியைக் கையால் வாரித் தள்ளுவார்கள். அண்ணி ஒவ்வொன்றாக எடுத்துத் தீப்பெட்டிக்குள் அடுக்கினார். "ஆயிரத்தித் தொளாயிரம் பேரு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அந்தக் குரலில் விளையாட்டே இல்லை. ஆனால் பள்ளங்கள் பாதிக்கு மேல் வெட்டியாகிவிட்டன. டாக்டரம்மா சொன்னபடி, கரண்டியால் மணலில் நான் கோடு கோடாகக் கீறினேன்.

இரண்டாம் பகல். கேப்டன் தெம்பாக இருந்தார். ஓர் ஆள் கூட அவர் பக்கம் விழவில்லை. "இன்னும் எத்தனை பேரைப் பலி குடுக்கப் போற?" என்று கேட்டார். அண்ணி, "இந்த ஆட்டத்துல நான் நகரலை" என்றார்.

டாக்டரம்மா தன் குறிப்பேட்டைப் புரட்டினார். "கேப்டன், உங்க ஆளுங்க வெட்ட வெயில்ல மலை ஏறியிருக்காங்க. ஆளுக்கு ரெண்டு பாட்டில். நேத்து சாயங்காலமே தீந்திருக்கும். தண்ணிக்கு என்ன ஏற்பாடு?"

"டேங்கர் வரும்" என்றார் கேப்டன், மணலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"குமாஸ்தா, டேங்கர் இருக்கா?"

நான் தாளை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தேன். எல்லாம் மனப்பாடம்தான். இருந்தாலும் ஒரு மரியாதை வேண்டாமா? "தாள்ல இல்லை, டாக்டரம்மா."

கேப்டன் எட்டித் தாளைப் பிடுங்கினார். முன்னும் பின்னும் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அது... அது எழுதணுமா? டேங்கர் எப்பவும் வருமே!"

"தானா வராது சார்" என்றார் அண்ணி.

சத்தமாகச் சொல்லவில்லை. வரிசையை மீறுகிறவர்களுக்கு முன்னால் குழாயை மூடிவிட்டு நிற்பாரே, அதே முகம். பின்னால் பெஞ்சிலிருந்து சமையல்காரர் மட்டும் 'ஹும்' என்று ஒரு சத்தம் போட்டார். முப்பது வருடமாக அடக்கி வைத்திருந்த சத்தம் அது.

கேப்டனைச் சாதாரணமாக எடை போடக் கூடாது. வேறொருவராக இருந்தால் விதியை எதிர்த்துச் சண்டைக்கு வந்திருப்பார். அவர் ஒரு நிமிடம் கண்ணை மூடினார். திறந்தபோது பழைய போர்வீரர் உட்கார்ந்திருந்தார். "சரி. ஆத்துக்குப் போறோம்" என்றார். எட்டுக் கவச வண்டியிலும் நாற்பது பேரை ஏற்றி, மலையிலிருந்து இறக்கி, ஆற்றைப் பார்த்து ஓட்டினார். வழியில் எதிர்ப்பட்ட மண்வெட்டிக்காரர்களில் முப்பத்தொரு குச்சிகள் விழுந்தன. ஆறு கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. அங்கே பள்ளங்கள் இருந்தன; சுற்றிப் போக வழியில்லை, தாண்டித்தான் ஆக வேண்டும். ஐந்து வண்டிகள் மூக்குக் குத்தி விழுந்தன. மூன்று வண்டிகள், பதினைந்து பேரோடு, ஆற்றங்கரையைத் தொட்டன. அண்ணி அவர்களைத் தடுக்கவே இல்லை.

"தொட்டுட்டோம்!" என்று மேசையைத் தட்டினார் கேப்டன். நாற்காலிக்காரர்கள் கை தட்டினார்கள்.

"சந்தோஷம் சார். எதுல மொண்டுட்டு போவீங்க?" என்று கேட்டார் அண்ணி.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். கேன் இல்லை, பீப்பாய் இல்லை, ஒரு வாளி கூட இல்லை. பாட்டிலும் தலைக்கவசமும்தான். பதினைந்து பேருடைய பாட்டிலில் மொண்டால், மலைமேல் இருக்கிற எண்பது பேருக்கு ஆளுக்கு இரண்டு மடக்கு வரும். அதையும் மூன்று கிலோமீட்டர் திரும்பக் கொண்டுபோக வேண்டும். அதற்குள் இரண்டாம் இரவு ஆட்டம் வந்துவிட, அண்ணி மேட்டுக்குப் பின்னாலிருந்து முதல்முறையாக வேல்காரர்களை நகர்த்தி, ஆற்றுக்கும் மலைக்கும் நடுவே நிறுத்தியிருந்தார். போன வண்டிகள் திரும்பவில்லை. எதிரிக்குத் தண்ணி காட்டுவது என்று பேச்சுக்குச் சொல்வோம், அன்று நிஜமாகவே காட்டிவிட்டு எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் பகல். மலைமேல் எட்டுப் பட்டன். பெட்டி பெட்டியாகக் குண்டு மிச்சம். டாக்டரம்மா வாசித்தார்: "ஒன்றரை நாளாத் தண்ணியில்லை. நாக்கு தடிச்சிருக்கும். குறி பார்த்தா ரெண்டு ரெண்டாத் தெரியும். மத்தியானத்துக்குள்ள விழ ஆரம்பிப்பாங்க. உங்க முறை, டேங்கர்."

அண்ணியின் சேனையில் பதினாலாயிரத்துச் சொச்சம் பேர் மிச்சம். ஏறிப் போனால் முடிந்தது கதை. எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அண்ணி ஒரே ஒரு குச்சியை எடுத்து மலையடிவாரத்தில் படுக்க வைத்தார். "இது தூது. நூறு பேரு, கையில ஆயுதம் இல்லை, ஆளுக்கு ஒரு தோல்பை தண்ணி. துப்பாக்கிய கீழ வெச்சுட்டு வந்தா குடிக்கலாம். யாரையும் ஒண்ணும் செய்ய மாட்டோம்."

"வேணாம் சார்! சாகலாம், குடிக்கக் கூடாது!" என்று ஒரு நாற்காலி கத்தியது. "கடைசிக் குண்டு வரைக்கும் சுடுங்க சார்!" என்றது இன்னொன்று.

கேப்டன் பட்டன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதினோரு நாள் ஒரு மலை உச்சியில கிடந்தோம்" என்றார் திடீரென்று. "கீழ எதிரி. எனக்குப் பக்கத்துல இருந்த பையனுக்குப் பத்தொம்பது வயசு. தினமும் விடியறப்போ தண்ணி வந்துது. ஒருநாள் தவறல. அது எப்படி வருதுன்னு நான் ஒரு தடவை கூட யோசிச்சதில்ல." தலை நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார். "நீயா ஓட்டிட்டு வந்தது?"

"இல்ல சார். நான் அப்போ வேற பக்கம். அது வேற யாரோ."

"யாருன்னு கூட எனக்குத் தெரியலையே" என்றார் கேப்டன். பிறகு எட்டுப் பட்டன்களையும் தன் கையாலேயே ஒவ்வொன்றாக மலையிலிருந்து இறக்கி, தீக்குச்சிக்குப் பக்கத்தில் வைத்தார். "குடிக்கட்டும். பசங்க குடிக்கட்டும்."

யாரும் கை தட்டவில்லை. பெஞ்சிலிருந்து சமையல்காரரும் சலவைக்காரரும் எழுந்து, யாரும் கூப்பிடாமலேயே மேசைப் பக்கம் வந்து நின்றார்கள். அண்ணி கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த படிவத்தை எடுத்து, மணல் ஒட்டாத இடமாகப் பார்த்து விரித்து வைத்தார்.

கேப்டன் என் பேனாவை வாங்கி ஏழாவது கட்டத்துக்கு வந்தார். "எத்தனை போரும்மா?"

"நாலு சார்."

"ஒண்ணொண்ணாச் சொல்லு. எழுதறேன்."

மற்றவர்கள் இதைச் சொல்லும்போது எத்தனை எதிரி, எந்தப் பதக்கம் என்று சொல்வார்கள். அண்ணி லாரி போய்வந்த நடைக் கணக்குச் சொன்னார். "முதலாவது மலையடிவாரம். நாப்பத்தியொரு நடை. ரெண்டாவது பாலம் உடைஞ்ச இடம். பதினாறு நடை, விளக்கு போடாம. மூணாவது மணல்காடு. நூத்தி ரெண்டு நடை. நாலாவது கணவாய். ஆறு நடை."

கேப்டன் எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "கணவாய்ச் சண்டை ஏழு நாள் நடந்துதே?"

"ஏழு நாள்தான் சார். ஆறு நடைதான் போய்ச் சேந்துது. அஞ்சாவது நாள் ரெண்டு டயரும் வெடிச்சு பாதி வழியில நின்னுட்டேன். மேல முப்பத்தஞ்சு பேரு இருந்தாங்க. மறுநாள் போறப்போ முப்பத்திரெண்டு பேரு." அண்ணி படிவத்தைக் காட்டினார். "அதையும் எழுதுங்க."

"அது வேணாம்மா" என்றார் கேப்டன் மெதுவாக. "நீ என்ன பண்ணுவ? படிவத்துக்கு அது தேவையில்ல."

"எழுதுங்க சார். அதைச் சொல்லிக் குடுக்கத்தான் அந்த வேலைக்குப் போறேன்."

கட்டத்தில் இடம் இல்லை. கேப்டன் தாளைத் திருப்பி ஓரத்தில் எழுதினார், 'ஐந்தாம் நாள் தண்ணீர் போய்ச் சேரவில்லை' என்று. அதன் கீழேயே கையெழுத்துப் போட்டார்.